சிரிப்பைக் காப்பாற்றிய சட்டம்: மார்க்ஸ் சகோதரர்களின் வானொலிப் பிரதிகளை மேடையேற்றுவது குறித்துச் சில கேள்விகள்

1

மார்க்ஸ் என்றதும் தாடியைத் தேடும் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே மீசைதான். அதுவும் ஒப்பனை மையால் தீட்டிக்கொண்ட மீசை. க்ரூச்சோ மார்க்ஸும் அவரது அண்ணன் சிக்கோ மார்க்ஸும் 1932 நவம்பர் 28 தொடங்கி 1933 மே 22 வரை, திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரம், அமெரிக்க என்.பி.சி. வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரை நடத்தினார்கள். பெயர் 'ஃப்ளைவீல், ஷைஸ்டர் அண்ட் ஃப்ளைவீல்'. மொத்தம் 26 வாரங்கள். நியூயார்க்கில் ஒரு வக்கீல் ஆபீஸ்; வால்டார்ஃப் டி. ஃப்ளைவீல் என்ற பித்தலாட்ட வக்கீல் (க்ரூச்சோ). இம்மானுவேல் ரவெல்லி என்ற அரைகுறை ஆங்கில உதவியாள் (சிக்கோ). மிஸ் டிம்பிள் என்ற காரியதரிசி. இவ்வளவுதான் சரக்கு. நாட் பெர்ரினும் ஆர்தர் ஷீக்மனும் பெரும்பகுதியை எழுதினார்கள்.

நேரடி ஒலிபரப்பு. காற்றோடு போயிற்று. மார்க்ஸ் சகோதரர்களின் சினிமாக்களைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள்கூட இத்தொடரை ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே அறிந்திருந்தார்கள். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கிடங்கிலிருந்து 26-இல் 25 வாரங்களுக்கான தட்டச்சுப் பிரதிகள் வெளியே வந்தன. மைக்கேல் பார்சன் தொகுக்க, அவை அதே ஆண்டு நூலாயின. 1990-க்கும் 1992-க்கும் இடையில் பி.பி.சி. வானொலி, மைக்கேல் ராபர்ட்ஸை க்ரூச்சோவாகவும் ஃப்ராங்க் லாசரஸை சிக்கோவாகவும் வைத்து, பார்வையாளர் முன்னிலையில் இவற்றை மறுபடி நிகழ்த்தியது. அதன்பின் ஆங்கிலம் பேசும் நாடுகளின் சிறு நாடகக் குழுக்கள் இவற்றை மேடைக்கும் எடுத்துச் சென்றன.

என் அக்கறை இந்தக் கடைசிச் செயலில். குரலுக்கென்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பிரதி, குரல் அழிந்து, காகிதமாய் எஞ்சி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு மனித உடம்புகளோடு மேடையில் நிற்கும்போது திரும்பி வருவது எது? பழைய சிரிப்பா? அல்லது பழைய சிரிப்பு அன்றைக்கு மூடி மறைத்த ஏதோ ஒன்றா?

2

முதலில் இப்பிரதிகள் எப்படித் தப்பின என்று கேட்போம். யாரோ ஒரு ரசிகர் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்ததால் அல்ல. பதிப்புரிமை கோரி அரசாங்கத்திடம் தாக்கல் செய்யப்பட்டவை இவை. சொத்து என்று பதியப்பட்டதால் காப்பாற்றப்பட்டன. சட்டத்தை வாராவாரம் நக்கலடித்த ஒரு தொடரைச் சட்டமே பத்திரமாக வைத்திருந்தது. இதைவிடப் பெரிய க்ரூச்சோ நகைச்சுவையை யாராலும் எழுதிவிட முடியாது.

தலைப்பின் கதையும் இதே ரகந்தான். தொடங்கும்போது பெயர் 'பீகிள், ஷைஸ்டர் அண்ட் பீகிள்'. நிஜமாகவே பீகிள் என்ற பெயர் கொண்ட ஒரு வக்கீல் வழக்குப் போடுவேன் என்று கிளம்ப, மூன்று வாரங்களிலேயே பீகிள் ஃப்ளைவீல் ஆனார். கவனியுங்கள், 'ஷைஸ்டர்' என்ற சொல்லுக்கு யாரும் வழக்குப் போடவில்லை. அது பித்தலாட்ட வக்கீலைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சை. பெயர்ப்பலகையின் நட்டநடுவில் 'பித்தலாட்டம்' என்று எழுதி மாட்டலாம், அது யாரையும் புண்படுத்தாது. தனிமனிதரின் பெயர் மட்டும் தொடக்கூடாத சொத்து. முதலாளியச் சமூகத்தில் அவதூறு எது, நகைச்சுவை எது என்பதற்கான எல்லைக்கோடு எங்கே விழுகிறதென்று இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டாளரும் விளக்கத் தேவையில்லை.

ஆவணக்காப்பகம் பற்றிய தெரிதாவின் உரை (1994) இங்கே நினைவுக்கு வருகிறது. அச்சொல்லின் கிரேக்க வேரைத் தோண்டும் அவர், அது அதிகாரிகளின் வீட்டைக் குறித்தது என்பதிலிருந்து தொடங்குகிறார். ஆவணம் அதிகாரத்தின் வீட்டில் குடியிருக்கிறது. எதைப் பாதுகாப்பது, எப்படிப் பொருள்கொள்வது என்பதும் அந்த வீட்டுக்காரரின் உரிமை.

இதை இன்னும் இரண்டு ஆவணங்களோடு சேர்த்து யோசிக்கலாம். வால்டர் பெஞ்சமின் 1927 முதல் 1933 ஜனவரி வரை ஃப்ராங்க்ஃபர்ட், பெர்லின் வானொலிகளுக்காக எண்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகளைச் செய்தார். க்ரூச்சோவின் தொடர் தொடங்கிய அதே 1932-இல், காஸ்பர்ல் என்ற ஜெர்மானியக் கோமாளிப் பொம்மை வானொலி நிலையத்துக்குள் புகுந்து ரகளை செய்யும் ஒரு நாடகமும் எழுதினார். அவரது குரல் ஒரு நொடிகூட இன்று இல்லை. பிரதிகள் இருக்கின்றன. 1940-இல் பாரிஸில் அவர் விட்டுச்சென்ற காகிதங்களை கெஸ்டபோ கைப்பற்றியது. அவை சோவியத் வழியாகக் கிழக்கு ஜெர்மனியின் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, எண்பதுகளில் அச்சேறின. அங்கே பாதுகாத்தது சொத்துரிமை அல்ல, ரகசியப் போலீஸ்.

மூன்றாவது நம்முடையது. 1876-இன் காலனிய நாடக நிகழ்ச்சிகள் சட்டமும், எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்ட 1954-இன் மதராஸ் சட்டமும் நாடகக்காரனிடம் கேட்டது ஒன்றுதான்: பிரதியைக் கொடு. போலீஸ் படித்துப் பார்த்த பிறகே மேடை. 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது, நல்லது. ஆனால் அத்தனை ஆண்டுகள் வாங்கி அடுக்கிய பிரதிகள் எங்கே என்று நம் நாடக ஆய்வாளர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. நம் கலகச் சிரிப்பின் வரலாறும் அதன் எதிரியின் கோப்புகளுக்குள்தான் கிடக்கக்கூடும்.

ஆக, 'கண்டெடுக்கப்பட்ட பிரதி' என்று பரவசப்படுவதற்கு முன், யார் வீட்டிலிருந்து கண்டெடுத்தோம் என்று கேட்டாக வேண்டும். மேடையேற்றுபவர் பழைய வானொலிக்கு அஞ்சலி செலுத்துகிறாரா, ஒரு கைதியை விடுவிக்கிறாரா என்பது இதைப் பொறுத்தது.

3

இப்போது அந்தச் சிரிப்புக்குக் காசு கொடுத்தவர்களைப் பார்ப்போம். இத்தொடர் 'ஐந்து நட்சத்திர அரங்கு' என்ற வரிசையில் ஒன்று. புரவலர்கள்: நியூஜெர்ஸி, பென்ஸில்வேனியா, லூயிசியானா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிகளும் கொலோனியல் பீக்கன் ஆயில் கம்பெனியும். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஏகபோகம் என்று தீர்ப்பாகி 1911-இல் உச்சநீதிமன்றத்தால் துண்டு துண்டாக்கப்பட்டதல்லவா? அந்தத் துண்டுகளில் சில இருபத்தோரு வருஷம் கழித்து ஒன்றாகச் சேர்ந்து, சட்டத்தை ஏமாற்றும் வக்கீலைப் பற்றிய நகைச்சுவைக்குச் செலவு செய்கின்றன. நான் கற்பனை செய்யவில்லை சாமி, வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

காலத்தையும் பாருங்கள். பெருமந்தத்தின் அடிப்பள்ளம் அது. உழைக்கத் தயாராயிருந்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே 1933 மார்ச்சில் நாட்டின் வங்கிகள் அத்தனையும் மூடப்பட்டன. அதற்கு ஐந்து வாரம் முன்னால் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்துவிட்டான். இப்படிப்பட்ட திங்கட்கிழமைகளில் குடும்பங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து எதைக் கேட்டுச் சிரித்தன? கையில் காசில்லாத ஒரு வக்கீல், தன்னிடம் வரும் ஒவ்வொரு கட்சிக்காரரையும் மொட்டையடிப்பதை. சம்பளமில்லாத உதவியாள் அந்த வக்கீலையே மொட்டையடிப்பதை. பசித்தவன் பசித்தவனை ஏமாற்றும் இந்தச் சங்கிலியில், மேலே உள்ள கண்ணி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அது நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் பெட்ரோலாக மட்டும் வந்து போகும்.

நான் பார்த்தவரை, இப்பிரதிகளை இன்று கையாளுபவர்கள் முதலில் கழற்றி எறிவது இந்தச் சட்டகத்தைத்தான். பி.பி.சி. வடிவம் திறமையானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வாரத்தின் பாதியை இன்னொரு வாரத்தோடு ஒட்டியது. சினிமாவிலிருந்து சில நகைச்சுவைகளையும் சேர்த்தது. விளைவு, எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய தூய நகைச்சுவை. 'தூய நகைச்சுவை' என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நகைச்சுவையிலிருந்து வரலாற்றை வடிகட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிலேடை.

ஓர் உதாரணம். முதல் வாரத்தில், மனைவியைச் சந்தேகிக்கும் ஒரு கணவனுக்காக ரவெல்லி வேவு பார்க்கப் போய், பேஸ்பால் பந்தயத்தைச் சுற்றியே நாளைக் கழித்துவிட்டு வந்து, நாள்வாரியாக அறிக்கை கொடுக்கிறான். இதே துணுக்கு 1933 நவம்பரில் வெளியான 'டக் சூப்' படத்தில் திரும்ப வருகிறது; பெர்ரினும் ஷீக்மனும் அதில் கூடுதல் வசனக்காரர்கள். ஆனால் அங்கே வேவுக்காரன் கணவனுக்கல்ல, ஓர் அந்நிய அரசாங்கத்துக்கு உளவாளி. துணுக்கு ஒன்றுதான், வைத்த இடம் மாறியதும் குடும்பச் சந்தேகம் அரசின் கண்காணிப்பாகிவிட்டது. ஹிட்லர் வந்த வருஷத்தில் அதன் எடையே வேறு. பிரதியின் பொருள் சொல்லில் இல்லை, வைப்பில் இருக்கிறது என்று கரடியாய்க் கத்திக்கொண்டிருக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

4

அடுத்தது கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம்: ரவெல்லியின் பேச்சு.

சிக்கோ இத்தாலியர் அல்ல. நியூயார்க்கில் பிறந்த யூதர். அப்பா அல்சேஸ், அம்மா ஜெர்மனி. வாட்வில் என்ற பல்சுவை மேடையில் 'இனப்பேச்சு நகைச்சுவை' ஒரு தொழில். ஜெர்மானியன், ஐரிஷ்காரன், யூதன், இத்தாலியன், கறுப்பன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கொச்சை, ஒரு தொப்பி, ஒரு மடத்தனம். அமெரிக்கா முதல் உலகப்போரில் ஜெர்மனிக்கு எதிராகத் திரும்பிய நாட்களில் க்ரூச்சோ தன் ஜெர்மன் உச்சரிப்பைக் கழற்றிவிட்டார். சிக்கோ மட்டும் கடைசிவரை இத்தாலியனாகவே இருந்தார். இந்தக் கொச்சை ஒரு சட்டை மாதிரி, யாரும் போட்டுக்கொள்ளலாம். ஒத்திகைக்கு சிக்கோ தாமதமாக வரும் நாட்களில் எழுத்தாளர் பெர்ரினே ரவெல்லியைப் படிப்பாராம்; சிக்கோவைவிட அவருக்கு நன்றாக வந்ததாம்.

இத்தாலியர்கள் அன்று அமெரிக்காவில் யார்? தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையை அடைக்கவென்றே 1924-இல் சட்டம் போட்டார்கள். செருப்புத் தொழிலாளி சாக்கோ, மீன் வியாபாரி வான்ஸெட்டி என்ற இரண்டு இத்தாலிய அராஜகவாதிகளை 1927 ஆகஸ்டில் மின்சார நாற்காலியில் கொன்றார்கள். உலகமே தெருவுக்கு வந்து எதிர்த்த வழக்கு. அவர்கள் நீதிமன்றத்தில் உடைந்த ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசினார்கள். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, வக்கீல் ஆபீஸில் உடைந்த ஆங்கிலம் பேசும் இத்தாலியன் நாடு முழுக்கச் சிரிப்பு மூட்டுகிறான். இரண்டையும் இணைத்து யாரும் அன்று யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கவிடாமல் செய்வதுதானே இந்த வகைச் சிரிப்பின் வேலை?

வானொலி இதற்குத் தோதான ஊடகம். உடம்பை மறைத்துவிடும். 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' தொடரில் இரண்டு வெள்ளையர்கள் கறுப்பர்களாகப் பேசி நாட்டையே கட்டிப்போட்டிருந்தார்கள். முகத்தில் கரி பூசும் வேலைகூட மிச்சம். 1931-இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பர் பத்திரிகை அதற்கெதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. தொடர் நிற்கவில்லை. மேடையில் இந்த வசதி இல்லை. ரவெல்லியாக ஓர் உடம்பு வந்து நின்றாக வேண்டும். யாருடைய உடம்பு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

அப்படியானால் ரவெல்லியின் கொச்சையை நீக்கிவிடலாமா? கூடாது என்பதே என் நிலைப்பாடு. ஏன் என்றால், பிரதியைக் கூர்ந்து படித்தால் சிரிப்பின் அம்பு இரண்டு பக்கமும் கூராக இருக்கிறது. ரவெல்லி மொழி தெரியாதவனாக மட்டும் வரவில்லை. சட்டமொழியை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறவனாக வருகிறான். வக்கீலின் வாய்ஜாலம் எல்லோரிடமும் செல்லுபடியாகிறது, இவனிடம் மட்டும் ஆவதில்லை. காது கேட்காதவனிடம் மந்திரம் பலிக்காது என்பது போல. அதிகாரத்தின் மொழி புரிந்துகொள்ளப்படுவதால்தான் அதிகாரமாகிறது. புரியாமை அங்கே ஒரு எதிர்ப்பு. கொச்சையை நீக்கினால் இழிவும் போகும், இந்த எதிர்ப்பும் போகும். இரண்டையும் பார்வையாளர் ஒரே நேரத்தில் உணரும்படி செய்வதுதான் இயக்குநரின் வேலை. சிரித்த வாய் மூடுவதற்குள் எதற்குச் சிரித்தோம் என்று தோன்ற வேண்டும்.

5

மேடையின் இன்னொரு சிக்கல் ஹார்ப்போ. சகோதரர்களில் பேசவே பேசாதவர். ஊமைக்கு வானொலியில் வேலையில்லை என்பதால் தொடரில் இடமில்லை. அந்தோனின் ஆர்தோ 'நாடகமும் அதன் இரட்டையும்' நூலில் (1938) மார்க்ஸ் சகோதரர்களைக் கொண்டாடுகிறார். அந்தச் சினிமாக்களை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்பவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள், அங்கே யதார்த்தத்தையே சிதறடிக்கும் ஒரு கொந்தளிப்பு இருக்கிறது என்பது அவர் வாதம். ஆனால் ஆர்தோ பார்த்தது உடம்புகளை, துரத்தல்களை, ஹார்ப்போவை. வானொலிப் பிரதியில் கொந்தளிப்பெல்லாம் வார்த்தைக்குள் சுருங்கிவிடுகிறது. வசனத்தை நாடகத்தின் சர்வாதிகாரி என்று வெறுத்தவர் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 1948-இல் அவருடைய சொந்த வானொலி நிகழ்ச்சியையே பிரெஞ்சு வானொலி கடைசி நேரத்தில் தடைசெய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு வரும்போது ஹார்ப்போவைச் சேர்த்துவிடலாம் என்ற சபலம் இயல்பானது. கூட்டம் கைதட்டும். ஆனால் பிரதி அவரை வெளியேற்றித்தான் உருவானது. பேசத் தெரிந்தவனுக்கு மட்டுமே இடமளிக்கும் ஓர் ஊடகத்தின் வன்முறை அந்த இல்லாமையில் பதிந்திருக்கிறது. அவரை ஒட்டவைத்துவிட்டால் அந்தத் தழும்பு மறைந்துவிடும். காலி நாற்காலி ஒன்றைப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது பழைய உத்தி. வானொலி நிலையத்தையே மேடையில் வையுங்கள். 1933 தொடக்கத்தில் ஒலிபரப்பு ஹாலிவுட்டுக்கு மாறியபோது, ஸ்டுடியோவில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு முப்பது நாற்பது பேரை உட்கார வைத்து நடத்தினார்கள். சிரிப்புக்கென்று அமர்த்திய அந்தச் சின்னக் கூட்டம், மைக், கடிகாரம், பெட்ரோல் கம்பெனியின் பெயர் எல்லாம் தெரியட்டும். நடிகர் காகிதத்தைப் பார்த்தே படிக்கட்டும். பிரெக்ட் 1932-இல் வானொலியைப் பற்றி எழுப்பிய புகார் இதுதான்: இது பேசுகிறது, கேட்பதில்லை, விநியோகிக்கிறது, உரையாடுவதில்லை. அந்த ஒருவழிப்பாதையை மேடை காட்டிக்கொடுக்க முடியும். க்ரூச்சோவின் மீசையையும் நடையையும் அச்சடித்தாற்போல் செய்துகாட்டுவதில் மிமிக்ரிக்காரருக்குப் பெருமை இருக்கலாம், நாடகத்துக்கு ஒன்றுமில்லை.

6

இதையெல்லாம் தமிழில் எழுதுவானேன்? வெள்ளைக்காரன் சிரிப்புக்கு இங்கே என்ன ஒப்பாரி என்று நண்பர்கள் கேட்கக்கூடும்.

இப்பிரதிகளில் ஒன்றைத் தமிழில் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளே முளைக்கும் கேள்வி: ரவெல்லி எந்தத் தமிழ் பேசுவான்? நம் கைக்கு எட்டும் தூரத்தில் தயாராகக் கிடப்பவை எவை என்று பாருங்கள். 'நம்பள்கி நிம்பள்கி' சேட்டு, டீக்கடை நாயர், சேரித் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர். நம் சபா நாடகமும் சினிமாவும் இந்தச் சட்டைகளைத் துவைக்காமல் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டவை. இதில் சேட்டுக்கும் சேரிக்கும் ஒரே தட்டில் இடம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வட்டிக்கு விடுபவரைக் கிண்டலடிப்பதும், தலித் மக்களின் நாவைக் கிண்டலடிப்பதும் ஒன்றல்ல. ரவெல்லிக்குச் சேரித் தமிழைக் கொடுத்த மறுகணம் அந்நாடகம் செத்துப்போகும். எவ்வளவு சிரிப்பு வந்தாலும்.

எனக்குத் தோன்றும் வழி வேறு. வட்டார வழக்கைத் தேடிப் போகவே வேண்டாம். நம் நீதிமன்றமே ஒரு மொழிக் குழப்பம். வக்கீல், வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஜப்தி, ஆஜர், அமீனா, பிராது, குமாஸ்தா: அத்தனையும் அரபு, பாரசீகத்திலிருந்து வந்து நம் கிராமத்துக் கிழவியின் வாயில் தேய்ந்து தமிழானவை. அதற்கு மேலே ஆங்கிலம். அதற்குப் பக்கத்தில் ஆட்சித்தமிழ் அகராதி உண்டாக்கிய, யாரும் பேசாத தூயதமிழ். உயர்நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்றுவரை அங்கே ஆங்கிலந்தான். தன் நிலத்தைப் பற்றி, தன் பிள்ளையின் காவல்நிலைய மரணத்தைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாமலே படியிறங்கி வருகிற மனிதர்களை நம் ஆட்கள் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு வெளியே நின்று 'வாய்தா போட்டுட்டாங்க' என்று மொழிபெயர்த்துச் சொல்பவர் யார்? வக்கீல் குமாஸ்தா.

ரவெல்லி அந்தக் குமாஸ்தாவாக வரட்டும். அவர் பேசுவது எந்தச் சாதியின் தமிழுமல்ல. நீதிமன்றத்தின் மூன்று மொழிகளையும் அரைகுறையாக அறிந்து, மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று மோதவிடும் ஒரு தமிழ். கட்சிக்காரர் கேட்கும் சாதாரணக் கேள்வி அந்த மூன்றின் வழியாகச் சுற்றிவந்து கடைசியில் கட்டண ரசீதாக மாறி நிற்கும். அப்போது கேலிக்கு ஆளாவது மொழி தெரியாதவனல்ல. மொழியை அவனுக்குத் தெரியாததாக வைத்திருக்கும் ஏற்பாடு. சிலேடைகளை மொழிபெயர்க்க முடியாதே என்று கவலைப்படுபவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். மொழிபெயர்க்க வேண்டியது சிலேடையை அல்ல, சிலேடைக்குக் காரணமான சமமின்மையை.

இதற்குப் பதிப்புரிமை அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நாடகம் போடுமுன் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் அறையின் பெயர்ப்பலகையில் எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.